யாரையும் கேட்கக் கூடாது

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் நீங்கள் "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற இரண்டைத் தவிர வேறு எதுவும் கேட்பதில்லை. இரண்டுக்கும் "ம்" என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் அம்மாவும். அம்மா காலையில் கண்ணாடிக் கடைக்குப் போகிறாள், மாலையில் புடவை மடிப்பெல்லாம் லென்ஸ் தேய்த்த தூசியோடு வருகிறாள். நீங்கள் போனதைப் பற்றிப் பேசுவதே இல்லை. நான் நச்சரித்ததில் ஒரே ஒரு முறை சொன்னாள். "வெளியூர் வேலைக்குப் போனது தப்பில்லடி. கையெழுத்தைப் போட்டுட்டு வந்து சொன்னார் பாரு, அதுதான். உங்க அப்பாவுக்கு யாரையும் ஒரு வார்த்தை கேட்கிற பழக்கமே கிடையாது."

ஒரு வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவாரா என்றேன். "முடியட்டும், பார்க்கலாம்" என்றாள். அந்தப் "பார்க்கலாம்" எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் ஃபிரேம் பிடிக்காதவர்கள் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வெளியே போவார்களாம்.

நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அதுவரை நாம் பேச ஒரு விஷயம் வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல விஷயம் சாம்பல்கோட்டைதான். சின்ன மந்திரவாதிகள் படிக்கிற பள்ளியைப் பற்றிய ஆறு புத்தகங்கள். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதபோது அம்மா வாசித்துக் காட்டினாள். நீங்கள் அப்போது நைட் ஷிஃப்ட். முதல் புத்தகத்தை வாங்கிவிடுங்கள். அட்டையை நன்றாகப் பாருங்கள். கதாநாயகன் பெயர் ஒற்றைச்செருப்பு, ஆனால் படத்தில் இரண்டு காலிலும் செருப்பு இருக்கிறது! வரைந்தவர் கதையைப் படிக்கவே இல்லை.

நான் கேள்வி அனுப்புவேன், நீங்கள் பதில் எழுத வேண்டும். விதிகள் மூன்று. பொய் சொல்லக் கூடாது. புத்தகத்தைப் பார்த்து எழுதக் கூடாது. யாரையும் கேட்கக் கூடாது.

இப்போதைக்கு இரண்டு கேள்வி. அவனுடைய இன்னொரு செருப்பு எங்கே? தலைமையாசிரியையின் மூக்கு ஏன் பச்சை?

உங்கள் அன்பு மகள்,
சுண்டெலி

ஜூன் 27

என் சுண்டெலிக்கு,

அப்பா எழுதுவது. உன் கடிதத்தை டயர் கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கடைக்கு மேல்தான் என் அறை. பகலெல்லாம் ரப்பர் வாசனை. ஜன்னலைத் திறந்தால் வாசனை, மூடினால் வேர்வை.

புத்தகம் வாங்கியாயிற்று. ஆஸ்பத்திரியில் இரண்டு லிஃப்ட் ஓயாமல் மக்கர் பண்ணுகின்றன. மொட்டைமாடி மோட்டார் அறையில் சாப்பாட்டு வேளையில் நாலு பக்கம் படிக்கிறேன். கூட வேலை செய்கிற கிரீஸ் அண்ணன் பார்த்துவிட்டார். "என்னப்பா, மந்திரம் சொல்லி லிஃப்ட்டைத் தூக்கப் போறியா? தூக்கு தூக்கு, கேபிள் செலவு மிச்சம்" என்கிறார்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தேடச் சொல். என்னுடையது எப்போதும் அங்கேதான் இருக்கும். மூக்கு பச்சையாக இருப்பது சளியால் என்று நினைக்கிறேன்.

மார்க் பார்த்துப் போடு, தாயே.

உன் அப்பா

ஜூலை 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பூஜ்யம். சிரித்துக்கொண்டேதான் போட்டேன், ஆனாலும் பூஜ்யம்.

பள்ளிக்குக் கிளம்பும்போது அவனுக்கும் அக்காவுக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான் இருந்தது. ஆளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு பிரிந்தார்கள். இன்னொரு செருப்பு அக்கா காலில் இருக்கிறது. மூக்குக்குக் காரணம் நூலகக் கழுதை. பள்ளிப் புத்தகங்களை முதுகில் சுமக்கிற கழுதை அது, பசித்தால் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். அதனால் பாதி மந்திரங்களுக்கு முடிவே கிடையாது. பச்சையாக்குகிற மந்திரம் இருக்கிறது, பழையபடி ஆக்குகிற பக்கம் கழுதை வயிற்றில் இருக்கிறது.

உங்களுக்காக இன்னும் கொஞ்சம். ஆறு புத்தகத்திலும் ஒன்பதாம் அத்தியாயத்தில் மழை பெய்யும். மைவிரல் என்ற பெண் ஒரு இடத்தில்கூட மன்னிப்புக் கேட்பதில்லை, நான் பென்சிலும் கையுமாகத் தேடிவிட்டேன். தேடல் மந்திரம் அடுத்தவர் தொலைத்ததை மட்டும்தான் கண்டுபிடிக்கும், சொன்னவர் தொலைத்ததை அல்ல. என்ன ஒரு அநியாயம்!

இந்த முறை கேள்விகளைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். மூன்றாம் புத்தகம் வரை கேட்டிருக்கிறேன். கஷ்டமான கேள்விகள். கஷ்டப்படுங்கள்.

சுண்டெலி

செப்டம்பர் 2

என் சுண்டெலிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. பதில்கள் இதோ.

மைவிரலின் அப்பா குடை ரிப்பேர் செய்கிறவர். பரீட்சைக் கூடத்தில் காற்று வீசினால் அது கண்காணிப்பாளர். ஒற்றைச்செருப்பு பயப்படுகிற ஒரே பொருள் சீப்பு. நூலகக் கழுதை ஓய்வுபெற்றுக் கடலோரத்தில் ஒரு பேப்பர் கடைக்காரர் வீட்டில் இருக்கிறது. தினமும் செய்தித்தாள் தின்கிறது, ஞாயிறு இணைப்பு மட்டும் அதற்குச் செரிப்பதில்லை.

எப்படி? "அப்பா மண்டையில களிமண்" என்று இனிமேல் சொல்ல முடியாது. கிரீஸ் அண்ணனுக்கும் கழுதைக் கதையைச் சொன்னேன். "நமக்கும் அப்படி ஒரு ரிட்டயர்மென்ட் கிடைச்சா தேவலை" என்றார்.

மீதி ஆறு மாதம் போவதே தெரியாது போலிருக்கிறது. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நன்றாகப் போகிறது.

உன் அப்பா

செப்டம்பர் 10

அப்பாவுக்கு,

எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம் புத்தகத்தின் கடைசியில் கழுதை இறந்துவிடுகிறது. எரிகிற பாலத்தின் மேல் எல்லாப் புத்தகங்களையும் அக்கரை சேர்த்துவிட்டு விழுந்துவிடுகிறது. கடலோரமும் பேப்பர் கடைக்காரரும் எந்தப் பதிப்பிலும் கிடையாது. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, நான் அழுவேன் என்று பயந்து, அம்மா புத்தகத்தைப் பார்த்தபடியே வேறு கதையை வாசித்துவிட்டாள். பின்னால் நானே படித்தபோதுதான் தெரிந்தது. ஞாயிறு இணைப்பு செரிக்காத கழுதை இந்த உலகத்தில் அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

ஆக, நீங்கள் அம்மாவைக் கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு வேறு சாட்சியும் இருக்கிறது. ஞாயிறு மாலை அம்மா துணி எடுக்கிறேன் என்று போனோடு மொட்டைமாடிக்குப் போகிறாள், இருட்டிய பிறகுதான் இறங்கி வருகிறாள், பாதித் துணி கொடியிலேயே கிடக்கிறது. ஒருநாள் பின்னாலேயே போனேன். "அய்யோ, இதுகூடவா தெரியல? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் படிக்கிறாள். அடுத்த கேள்விகளுக்கு இப்போதே தயாராகிறாள் என்று அர்த்தம்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "சொல்லிக் கொடுக்கிறவங்க பேர்லயும் தப்புதான்" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னாள்.

இதுவரை போட்ட மார்க் எல்லாம் ரத்து. இனி அம்மாவைக் கேட்க மாட்டேன் என்று எழுதித் தாருங்கள். இல்லாவிட்டால் கேள்வி அனுப்ப மாட்டேன். உங்களை நேர்மையானவர் என்று நான் என் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், அப்பா.

மகள்

செப்டம்பர் 21

சுண்டெலிக்கு,

நீ சொல்வது சரி. அப்பா செய்தது தப்பு.

முதலில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் கூப்பிட்டேன். "நீங்களா? என்னைக் கேட்கறீங்களா?" என்று உன் அம்மா இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது. கேள்வி தீர்ந்த பிறகும் எதையாவது பேசிக்கொண்டிருந்தோம்.

உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. இனி உன் அம்மாவைக் கேட்க மாட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ கேள்வி அனுப்பு, நானே படிக்கிறேன்.

அப்பா

டிசம்பர் 5

என் அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நான்காம் புத்தகத்துக்கு எழுதிய பதில்கள் கிடைத்தன. நாலு தப்பு. எல்லாம் உங்கள் சொந்தத் தப்பு. படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை, ஏன் என்று யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இப்போது ஒரே நடையில் எல்லாத் துணியையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து மடிக்கிறாள். என் கைக்குட்டைகளைக்கூட மடிக்கிறாள். போன வாரம் மணி அடித்தது, கடை முதலாளி. "ஆமாம் சார், சொல்லுங்க சார்" என்றாள். குரல் கீழே இறங்கிவிட்டது, அப்பா. கைப்பையைத் திறந்து பார்த்தேன், பார்த்தது தப்புதான். ஐந்தாம் புத்தகம் அங்கேயே இருக்கிறது. பஸ் டிக்கெட்டை வைத்த பக்கத்தைத் தாண்டவே இல்லை.

"ஏம்மா, அப்பா உன்கூடப் பேசறதே இல்லையா?" என்றேன்.

"நீதானே சட்டம் போட்டே. வாத்தியாரம்மா பேச்சை மீற முடியுமா?" என்று சிரித்தாள். அது சிரிப்பே இல்லை.

நான் ஒரு மடச்சி. நீங்கள் யாரையும் கேட்பதில்லை என்பதுதான் அம்மாவுக்கு உங்கள் மேல் இருந்த ஒரே குறை. நீங்கள் கேட்க ஆரம்பித்தபோது நான் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கினேன். மூன்றாம் விதியை இந்தக் கடிதத்தோடு எடுத்துவிட்டேன். இனிமேல் கேட்டால்தான் மார்க். எளிய கேள்வியாக இருந்தாலும் கேளுங்கள். தெரிந்திருந்தாலும் கேளுங்கள். இந்த ஞாயிறே கூப்பிடுங்கள், அப்பா. ஒப்பந்தம் முடிய அதிக நாள் இல்லை.

சுண்டெலி

பிப்ரவரி 16

என் கண்ணு சுண்டெலிக்கு,

ஆறு புத்தகத்தையும் முடித்துவிட்டேன். உனக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஐந்தாம் புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பெய்வது மழை இல்லை. சமையல்காரர் மாடியிலிருந்து கொட்டுகிற பாத்திரம் கழுவின தண்ணீர். போய்ப் பார். உன்னை ஒரு தடவையாவது மடக்கினேனே!

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த வார ஞாயிறே கூப்பிட்டேன். நாலாம் புத்தகத்தில் ஒரு சந்தேகம் என்றேன். "பொண்ணு கேட்கச் சொன்னாளா?" என்றாள். பொய் சொல்லக் கூடாதே. "ஆமா" என்றேன். "அதானே பார்த்தேன். நீங்களே படிச்சுக்கோங்க, மார்க் குறையப் போகுது" என்று வைத்துவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் மறுபடி கூப்பிட்டிருப்பேன்.

போன வாரம் கம்பெனியில் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறோம் என்றார்கள். இந்த முறை கையெழுத்துக்கு முன்னால் உன் அம்மாவைக் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். "போடட்டுமா?" என்றேன். பின்னால் மோட்டார் அறைச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு "போட்டுக்கோங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். அவள் சொன்ன பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் அப்பா

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்பதாம் அத்தியாயத்தைப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் சரி. இத்தனை வருஷம் மழை என்றே படித்திருக்கிறேன்.

"ஏம்மா போட்டுக்கோங்கன்னு சொன்னே?" என்று அம்மாவைக் கேட்டேன். கண்ணாடி துடைக்கிற துணியால் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது மேஜைத் துணி இல்லை என்றுகூடத் தெரியாமல். "வேணாம்னா வந்திருப்பார். என் பேச்சுக்காக வந்திருப்பார். வந்து வாசலையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பார். வரணும்னு இருந்தா, வரட்டுமான்னு கேட்டிருப்பார்டி. போடட்டுமான்னா கேட்பாங்க?" என்றாள்.

எனக்கு இது தோன்றவே இல்லை. உங்களுக்கும் தோன்றியிருக்காது. நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி.

தப்பு இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பல தடவை படித்தேன், நன்றி அப்பா. ஆனாலும் அந்த ஞாயிறுகளில் நான் மாடிப்படியில் நின்று சாட்சி சேகரித்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்து அம்மா சிரிப்பதைக் கேட்டிருக்கலாம்.

இன்று விடுமுறை. அம்மா உங்கள் அலமாரியைக் காலி செய்கிறாள். இரண்டு அட்டைப்பெட்டி கட்டியாயிற்று. சட்டைகளை மறுபடி இஸ்திரி போட்டு வைக்கிறாள், பெட்டியில் கசங்கிவிடும் என்று தெரிந்தும்.

நான் கடிதம் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "பழைய தோல் செருப்பு ரெண்டு ஜோடி இருக்கு, அனுப்பட்டுமா, கொடுத்துடட்டுமா? கம்பளி வேணுமா? அங்க குளிருமான்னு கேளு" என்றாள்.

"போன்ல நீயே கேளேன்ம்மா" என்றேன்.

"நீயே எழுதிடு" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். செருப்பை என்ன செய்வது? கம்பளி வேண்டுமா? அங்கே குளிருமா?

பதிலை எனக்கே எழுதுங்கள். நான் அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.

சுண்டெலி