கீழே குடிவந்தவள்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம்தான், போனில் நீ போட்ட கூச்சலில் என் காது ஒன்றும் செவிடாகிவிடவில்லை, உனக்குத் தொண்டை கட்டியிருந்தால் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. பாதியில் வைத்துவிட்டாய், அதனால் மீதியை எழுதுகிறேன். ஆமாம், நம் வீட்டு பேஸ்மென்டை அறையாக்கியது உன் பெண்டாட்டிக்காகத்தான். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு முடித்துக்கொண்டீர்கள், தெரியும். இனிமேல் அவள் நமக்கு யார் என்று கேட்டாயே, அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவள், நீ போன பிறகும் எங்களை வந்து பார்க்கிறவள், அதற்கு என்ன பெயரோ நீயே வைத்துக்கொள். அவள் இருந்த வீட்டை இடிக்கப்போகிறார்கள், தனியாக இருக்கிற பெண் என்றால் வீடு தர எவனுக்கும் மனசு வரவில்லை, இங்கே ஒரு தளமே பழைய சாமானோடு பூட்டிக் கிடந்தது.

உள்ளே நிற்கவே முடியவில்லை, அப்படி ஒரு ஈர வாடை. மேஸ்திரி சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, பெயின்ட் அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும்மா என்றார், நானும் தலையாட்டினேன், அடுத்த மழைக்கே கொப்புளம் கொப்புளமாக எழும்பி உதிர்ந்தது. உன் பெரியம்மா இறங்கிவந்து பார்த்து, வீடே வேண்டாம் என்கிறது, நீ ஏன் ஊர் வாயில் விழுகிறாய் என்றாள். அக்கா, சுவருக்கு வேண்டியது வடிகால், உன் அபிப்பிராயம் இல்லை என்று சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள், போகட்டும். வெளிப்பக்கம் அஸ்திவாரம் வரைக்கும் தோண்டி, சுவரில் தார் பூசி, தண்ணீர் வடிந்துபோக ஓட்டை போட்ட குழாயை ஜல்லிக்குள் பதித்தோம். உள்ளே பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்தோம், கையகல ஜன்னலை அறுத்துப் பெரிதாக்கினோம், இப்போது தெருவில் நடக்கிறவர்களின் செருப்பு தெரியும், வெயிலும் வரும். வேலை ஆரம்பித்தபோது அப்பா உன் பக்கம் சாய்ந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பாட்டுக்குச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, உயிராகக் காத்துவந்த பழைய ரேடியோக்களையெல்லாம் மேலே தூக்கிக்கொண்டுவந்து பழைய இரும்புக்காரனிடம் போட்டார், கனமாகத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அவளும் லேசில் சம்மதிக்கவில்லை. கீழே அறையைப் பார்த்துவிட்டு, வருகிறேன், ஆனால் உங்கள் மருமகளாக இல்லை, வாடகைக்கு, எனக்காகச் சாப்பிடாமல் காத்திருக்கக் கூடாது, உங்கள் பிள்ளையைப் பற்றி என்னிடம் நல்லதும் பேச வேண்டாம் கெட்டதும் பேச வேண்டாம் என்றாள். மருமகளாக இல்லை என்றதும் எனக்குச் சுருக்கென்றது, மேலே வந்து கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். பிறகு யோசித்தால், அவள் கேட்டதில் என்ன தப்பு, சரி என்றேன். அவளிடம் உன்னைத் திட்ட முடியாததால்தான் இந்தக் கடிதத்தில் திட்டுகிறேன். போன வாரம் குடிவந்தாள், அன்றைக்கே கொட்டோ கொட்டென்று மழை. நானும் அப்பாவும் துடைக்கத் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினோம். சுவர் காய்ந்து கிடந்தது. அவள் அதில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, துணி எதற்கு என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா உனக்கு.

ஊர் சிரிக்கும் என்றாய், சிரிக்கட்டும், வாய் வலித்தால் நிறுத்துவார்கள். பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்றாய், அது மட்டும் பொய். நீ என் பிள்ளை, அதை எந்தக் கோர்ட்டிலும் முடித்துக்கொள்ள முடியாது. நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள், எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு. லீவு கிடைத்தால் வா, மாடியில் உன் அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று ஞாபகம் இருக்கட்டும், கீழே போவதானால் கதவைத் தட்டிவிட்டு வெளியே நில். அவள் திறந்தால் பேசு. திறக்காவிட்டால் சத்தம் போடாமல் மேலே ஏறி வந்துவிடு.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா

அப்பாவும் இதைப் படித்துவிட்டார், ஒரு வரியைக்கூட அடிக்கச் சொல்லவில்லை.