நலமானவர்களின் பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

படியேறினால் மூச்சு வாங்குவது குறைந்ததா? அம்மா தூங்குகிறாளா? எனக்கு அலுப்பைத் தவிர வேறு குறையில்லை.

இங்கே எங்கள் ஆய்வகத்தில் இதயத்தில் புரதம் படிந்து இறுகும் நோயை ஆராய்கிறோம் அல்லவா? ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் கேட்டார்கள். நான்தான் கையை நீட்டினேன். முடிவைப் பார்த்த ஆய்வகத் தலைவி மேடம், "இது நல்லா இருக்கிறவங்க பெட்டில வேண்டாம்மா" என்று என் குழாயைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். அந்த நோய்க்கான மரபணு மாற்றம் என் ரத்தத்தில் இருக்கிறதாம். பயப்படாதீர்கள், அது இருந்தாலே நோய் வந்துவிட்டதாக அர்த்தமில்லை.

ஆனால் இது பெற்றவர் வழியாக வருவது. விடியற்காலையில் இரண்டு கையும் மரத்துப்போகிறது என்றீர்களே, அந்தப் பழியைத் தையல் மெஷின்மேல் போடாதீர்கள்; இந்த நோயிலும் கைகள் அப்படி மரத்துப்போகும். இத்துடன் உள்ள சீட்டை இதய டாக்டரிடம் காட்டுங்கள்.

பேருந்து வந்துவிட்டது. பதிலை அம்மாவை எழுதச் சொல்லாமல் நீங்களே எழுதுங்கள். எழுத்து கோணினாலும் பரவாயில்லை. அதைத்தான் நான் பார்க்க வேண்டும்.

உங்கள் மகள்