மைத்துனர் தேரின் புறாக்கழுத்து நிறம் குறித்து ஆம்பல் நாட்டிலிருந்து சென்ற ஓலை

வளம் பெருகுக. நுரையாற்றின் கீழ்க்கரையாகிய ஆம்பல் நாட்டைக் காத்தருளும் செங்குடைச் செல்வர், வெற்றித் தேரார், கோ நெடுவேட்டர் திருவாய் மலர்ந்தருள, அவர்தம் ஓலைநாயகம் குமிழனார் எழுதியது. மேல்கரையாகிய வாகை நாட்டின் வேந்தரும், எங்கள் பட்டத்தரசி கயல்மாதேவியாரின் தமையனாரும், ஆகவே எங்கள் மன்னருக்கு மைத்துனருமாகிய கோ வெண்ணாகர் திருமுன் இவ்வோலை சேர்க. தங்கள் ஏரிகள் நிறைக; தங்கள் குதிரைகள் கால் இடறாதிருக்க; தங்கள் அவையில் முகத்துக்கு நேரே மெய் சொல்வோர் இருவரேனும் இருக்க.

நடந்ததில் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும், தம்மைப் பற்றி எழுதும் இடத்தில் பூசி மெழுகக் கூடாது என்பது எங்கள் மன்னர் இட்ட கட்டளை. ஓலைநாயகமோ முப்பது ஆண்டுகளாகப் பூசி மெழுகியே உண்டு வளர்ந்தவர். எழுத்தாணி அவர் கையில் இன்று போல் என்றும் தயங்கியதில்லை. மன்னர் அருகிலேயே அமர்ந்து, எழுதிய ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் தாங்கள் அறிந்து மேலே வாசித்தருள்க.

ஆறு வற்றிய பங்குனி மணலில் இரு கரை அரசரும் தத்தம் இலகுதேரைத் தாமே செலுத்திப் போட்டியிடுவது நெடுநாள் வழக்கம். மற்றத் தேர்கள் பாரம் ஏற்றவும் தெய்வம் எழுந்தருளவும் ஆனவை. இத்தேர்களோ ஓடுவதற்கும், ஓடும்போது ஊரார் பார்ப்பதற்கும் மட்டுமே ஆனவை. ஒருவர் தேரின் நிறம் மற்றொருவர் தேருக்கு ஏறக் கூடாது என்பதும் இரு குடிக்கும் பொதுவான சட்டம். சென்ற பங்குனியில், எல்லைக் கம்பத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில், எங்கள் மன்னரின் தேர்மேல் கட்டியிருந்த செங்குடையைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. பாரம் குறைந்த தேர் பாய்ந்தது. தங்களை நான்கு குதிரை நீளம் பின்தள்ளி எங்கள் மன்னர் வென்றார்.

வென்றவர் கழுத்தில் மாலை விழுந்தது, பார்க்கத்தான் ஆளில்லை. இரு கரைக் கூட்டமும் தோற்ற தேரைச் சூழ்ந்து நின்றது. தங்கள் தேர் சும்மா நிற்கையில் கருநீலமாக நின்றது. சக்கரம் அசைந்தால் பச்சையாயிற்று. குதிரை தலையை ஆட்டினால் ஊதாவும் பொன்னும் அதன் விலாவில் ஓடி மறைந்தன. மாலை சூட்டிய எங்கள் அதிகாரியே, சூட்டிய கையோடு அங்கே ஓடிவிட்டார். அண்ணன் தேர் தோற்றாலும் கண்ணை அதிலிருந்து எடுக்க முடியவில்லை என்று எங்கள் பட்டத்தரசியார் மன்னர் காதுபடச் சொன்னார். தேர்த்தட்டில் வெறுந்தலையோடு நின்ற மன்னரும் கண்ணை எடுக்கவில்லை.

அன்று அவர் உணவைத் தொடவில்லை. இதற்கு ஆற்றாமை என்று எழுதலாமா, மனக்குறை என்று எழுதலாமா என ஓலைநாயகம் வினவியபோது, பொறாமை என்றே எழுதுக, வேறு சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டா என்று மன்னர் பணித்தார். ஆகவே எழுதப்படுகிறது: எங்கள் மன்னருக்குத் தங்கள் தேரின் மேல் பொறாமை. வயிறு எரிகிறது என்று உலகோர் சொல்வது வெறும் பேச்சு அன்று என்பதை அரண்மனை மருத்துவர் மூன்று வேளைக் கஷாயத்தோடு கண்டறிந்தார். மாடத்துப் புறாக்கள் கழுத்தைத் திருப்பும்போதெல்லாம் தங்கள் தேர் நினைவுக்கு வருகிறது என்று, அவற்றை ஒன்றுவிடாமல் விரட்டச் சொல்லி ஆணையும் பிறந்தது. புறாக்கள் ஆணைக்குப் பணியவில்லை.

அதன் பின்னர் தேர்வண்ணக்காரர் தலைவியாகிய சேந்தி அழைக்கப்பட்டார். முழங்கை வரை அரக்குக் கறை ஏறிய கையும், கேட்டதற்கு மட்டும் விடை சொல்லும் வாயும் உடைய பெண்மணி அவர். புறாக்கழுத்தை விஞ்சும் நிறம் ஒன்று வேண்டும் என்று மன்னர் கூற, உள்ளங்கை அளவு தேக்குப் பலகைகளில் சேந்தியும் அவர் கூடத்தாரும் மாதிரிகள் செய்தனர். கறுப்பு அரக்கு பூசி, சங்கால் தேய்த்து, மின்னும் காக்காப்பொன் தகட்டை மாவாக அரைத்துத் தூவி, அதன்மேல் தெளிந்த அரக்கை மெல்லியதாக ஒன்பது முறை இழுத்து, ஈரம் போகும் வரை தூசி படாமல் காத்த பலகைகள் அவை. இரண்டு திங்களில் நாற்பத்தொரு பலகைகள் அவைக்கு வந்தன.

இங்கே எங்கள் நாட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மன்னர் எதைத் தீர்மானித்தாலும் செம்பட்டின் நிழலில் இருந்தே தீர்மானிக்க வேண்டும் என்பது அவருடைய பாட்டனார் விதித்த விதி. வெளியே போனால் செங்குடை. அவையில் அமர்ந்தால் தலைக்கு மேல் செம்பட்டு விதானம், வாயில்தோறும் செந்திரை. தேர்நிறமும் அவ்வாறே விதானத்தின்கீழ்ப் பார்த்து, பிடித்தால் ஏற்கப்படும், பிடிக்காவிடில் பலகையின் முதுகில் ஆகாது என்னும் முத்திரை குத்தப்பட்டுப் பண்டகசாலைக்குப் போகும்.

சேந்தி இரண்டிரண்டாகப் பலகைகளை ஏந்திக் காட்டினார். முதலாவது சேறு என்றும், அடுத்தது மழைக்குப் பிந்திய சேறு என்றும், மூன்றாவது எருமை என்றும், நான்காவது அதே எருமையின் மறுபக்கம் என்றும் மன்னர் கூறினார். நாற்பத்தொன்றுக்கும் முத்திரை விழுந்தது. பலகைகளை ஒருமுறை முற்றத்து வெயிலுக்கு வந்து பார்த்தருள வேண்டும் என்று சேந்தி விண்ணப்பித்தார். அவையோர் மூக்கின்மேல் விரல் வைத்தனர். விதானத்தை விட்டு வா என்று மன்னரிடம் சொல்வது, முடியைக் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்வதாகும்.

மன்னர் உள்ளத்தில் அப்போது எழுந்தது நிறத்தைப் பற்றிய ஐயம் அன்று. நல்லதையெல்லாம் அக்கரைக்குக் கொடுத்துவிட்டு, அடிமண்டியைத் தமக்குக் கொணர்கிறாளோ என்பதே அவரது ஐயம். கேட்டும் விட்டார். வாகை நாட்டுத் தேரின் நிறம் தம் கூடத்தில் பிறந்ததுதான் என்று சேந்தி ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அடுத்துச் சொல்ல அவர் வாய் திறந்தபோது மன்னர் எழுந்துவிட்டார். மன்னர் எழுந்தால் அவையில் யாரும் பேசக் கூடாது. தூரிகைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பதினாறு ஆண்டுகள் இவ்வரண்மனைத் தேர்களுக்கு நிறம் தந்த பெண்ணை அன்றைப் பகலிலேயே ஆறு கடத்தி விட்டார்கள்.

இனி வருவது இன்னும் வெட்கக்கேடு. ஒற்றன் தத்தன் என்பவன் புல்லுக்கட்டுச் சுமப்பவன் போலத் தங்கள் லாயத்தில் நுழைந்து, தேரின் இடச்சக்கரத்துக்கு மேலே, நகம் அளவு வண்ணத்தைச் சுரண்டி எடுத்து வந்தான். எடுத்து வரச் சொன்னவர் எங்கள் மன்னரே. தங்கள் லாயத்தார் மேல் சினம் கொள்ள வேண்டா. தத்தன் புல்லுக்கட்டோடு வந்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

மன்னர் அதை விதானத்தின்கீழ் வாங்கிப் பார்த்தார். சேறு. வண்டிச் சக்கரத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டு வந்து தம் கண்ணிலேயே தூவுகிறாயா என்று அவர் கர்ச்சித்தார். தத்தனுக்கு அவை ஒழுக்கம் தெரியாது. உயிருக்கு ஆபத்து என்பது மட்டும் தெரிந்தது. அவன் மன்னர் கையிலிருந்தே அத்துணுக்கைப் பறித்துக்கொண்டு, இது மண்ணானால் என் தலையை வாங்கிக்கொள்ளும் என்று கூவியபடி முற்றத்துக்கு ஓடினான். மன்னர் அவனை அடிக்கத் துரத்தினார். குடை பிடிப்பவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நடுப்பகல் வெயிலில் தத்தன் கையை நீட்டி நின்றான். அவன் விரலில் கருநீலம் இருந்தது. விரலைத் திருப்பினான், பச்சையாயிற்று. மன்னர் ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அந்த நாற்பத்தொரு பலகைகளையும் கொண்டு வாருங்கள் என்றார். வரிசையாக அவற்றை வெயிலில் பரப்பினோம். எருமை என்றது மயிலின் மார்பாக இருந்தது, மழைக்குப் பிந்திய சேறு என்றது விடியற்கால வானமாக இருந்தது. குடை பிடிப்பவர் ஓடி வந்து குடையை விரித்தார். விரித்த நிழலில் எல்லாம் மறுபடி சேறாயின. குடையை மடக்குமாறு மன்னர் சைகை செய்தார்.

பின்னர்த் தம் தேரை வெளியே இழுத்து வரச் சொன்னார். முழுநிலவின் நிறம் என்று பதினோர் ஆண்டுகளுக்கு முன் அவரே தேர்ந்தெடுத்து, நிலவுத்தேர் என்று புலவர் இருபதின்மர் பாடிய தேர் அது. வெயிலில் அது வெற்றிலை மென்று துப்பிய நிறத்தில் நின்றது. இரு கரையாரும் அதை வேறு ஒரு பெயரால் அழைப்பது தாங்கள் அறிந்ததே. அதை இங்கே எழுத ஓலைநாயகத்துக்கு மனம் வரவில்லை, மன்னரும் வற்புறுத்தவில்லை. இதற்கு முன் இத்தேரை வெயிலில் கண்டதில்லையோ என்று மன்னர் ஓலைநாயகத்தை வினவினார். நாள்தோறும் கண்டதுண்டு என்று விடை சொல்லப்பட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது ஓலைநாயகம் எழுத்தாணியைக் கூர்தீட்டத் தொடங்கினார்.

அவ்வளவில் நின்றிருந்தால் நகைத்துவிட்டு உறங்கியிருக்கலாம். மன்னர் பண்டகசாலையைத் திறக்கச் சொன்னார். பதினாறு ஆண்டுகளாக அவர் தள்ளிய பலகைகள் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வொன்றாக வாசலுக்குக் கொண்டு வந்து, புடவை நுனியால் தூசி துடைத்து, பட்டத்தரசியாரே எடுத்துக் கொடுத்தார். பதினோர் ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில் ஒரு பலகையைத் துடைத்தவர், அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். மன்னர் எட்டி வாங்கினார். கருநீலம், பச்சை, ஊதா, பொன். முதுகைத் திருப்பினார், ஆகாது என்று அவர் முத்திரை.

நிலவுத்தேருக்கு முன்பே சேந்தி முதன்முதலில் அவருக்கென்று செய்து கொணர்ந்த நிறம் அது. தள்ளப்பட்ட நிறத்தை ஏழாண்டு கழிந்தபின் பிறருக்குத் தரலாம் என்பதும் எங்கள் சட்டமே. சேந்தி அவையில் சொல்ல வாய் திறந்த வார்த்தை அதுதான். இத்தனை நாள் தாம் பொறாமைப்பட்டது தம் பொருளின் மேலேயே என்று மன்னர் படியில் அமர்ந்து சொன்னார். அவர் கண் கலங்கியதை எழுதலாமா என்று கேட்டதற்கு, எழுதுக என்றார்.

ஆகவே எங்கள் மன்னர் வேண்டுவன இவை. சுரண்டிய துணுக்கு இவ்வோலையோடு வருகிறது. அது தங்கள் பொருள். கொண்டு வருபவன் தத்தனே. அவனைத் தண்டிப்பதானால் அத்தண்டனை மன்னருக்கு உரியது என்று கருதித் திருப்பி அனுப்பியருள்க. சேந்தியின் தூரிகைகள் எண்ணெயிட்டுத் துணியில் சுற்றி அனுப்பப்பட்டுள்ளன. அவர் மேல் விதித்த ஆணை அழிக்கப்பட்டது. செம்பட்டு விதி நிறங்களுக்குப் பொருந்தாது என்று புது விதியும் எழுதப்பட்டது. திரும்பி வருமாறு சென்ற தூதரிடம், வாகை நாட்டு வெயில் நன்றாக இருக்கிறது, யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் கூறியனுப்பினாராம். அவரைத் தாங்கள் அனுப்பவும் வேண்டா, நிறுத்தவும் வேண்டா, அவர் யோசிக்கட்டும். தாம் ஆகாது என்ற நிறம் தங்கள் தேரில் ஏறிவிட்டதால் இனித் தம் தேருக்கு ஏறாது என்னும் பொதுச் சட்டத்துக்கு மன்னர் தலை வணங்குகிறார். அது தங்களுடையதாகவே நிலைக்க.

இவ்விடத்தில் முடிப்பது பெருந்தன்மைக்கு அழகு என்று ஓலைநாயகம் எடுத்துரைத்தார். மன்னர் இன்னும் ஒன்று எழுதச் சொல்கிறார். தங்கள் தேரை நாள்தோறும் காலையில் மேல்கரைத் துறையில் நிறுத்திக் கழுவுகிறார்கள். அந்நேரம் எங்கள் மன்னர் காவல்மாடத்தில் ஏறி, வெறுந்தலையோடு வெயிலில் நின்று, அது காயும் வரை பார்க்கிறார். உண்மை தெரிந்தபின் பொறாமை தணியும் என்று நாங்கள் எண்ணினோம், இரட்டிப்பாயிற்று. முன்பு தங்களுடையதைக் கண்டு எரிந்தார், இப்போது தம்முடையதாக இருந்திருக்க வேண்டியதைக் கண்டு எரிகிறார். மருத்துவரும் கைவிரித்துவிட்டார். ஆதலால் சேந்தி ஒரு முடிவு சொல்லும் வரையில், அத்தேரைத் துறைக்குக் கொண்டு வரும்போது மூடிக் கொண்டு வருமாறு மைத்துனர் முறையில் மன்றாடுகிறார்.

கோ நெடுவேட்டர் பட்டத்துக்குப் பதினாறாம் ஆண்டு, ஆனித் திங்கள், மன்னர் தம் கையால் மெழுகு வார்த்து முத்திரையிட்டது. கண்டவர் மதிக்க, கொண்டு செல்வோனைத் தடுப்பவர் எங்கள் வழக்குக்கு ஆளாவார். தேரை மூடுவதற்கான கோணி, சக்கரம் முதல் தாமரை மொட்டுக் கொடிஞ்சி வரை அளவு பிசகாமல் தைத்து, தத்தன் தலையிலேயே ஏற்றி அனுப்பப்பட்டுள்ளது. அளவு எவ்வாறு தெரிந்தது என்று மட்டும் தாங்கள் கேளாதிருக்க வேண்டும்.