தவிட்டுக்கு வாங்கிய கண்மணி

பள்ளங்கி, 9 நவம்பர் 1958

இன்றும் மழை. விரல் விறைத்துப்போய் பேனா பிடிக்க வரவில்லை. பினாங்கில் என் வகுப்புப் பெண்கள் இந்நேரம் கடற்கரையில் ஐஸ் தின்றுகொண்டிருப்பார்கள். நான் அட்டைக்கடிக்கு உப்புத் தடவிக்கொண்டிருக்கிறேன். ஆறு மாத லீவில் மலைக்கிராமத்தில் இலவச வைத்தியம் பார்க்க ஆசைப்பட்டது அத்தா. பதினாறு வயது மகளை எதற்கு இழுத்துக்கொண்டு வரவேண்டும்? கேட்டேவிட்டேன். "பழனி நம்ம பூர்வீகம்மா. இந்தச் சனங்களுக்கு நம்மளும் கொஞ்சம் ஒழைக்கணும்ல?" என்றார். உழைப்பது அவர். பஞ்சு உருட்டுவது நான்.

14 நவம்பர்

என்னை ஏன் கூட்டிவந்தார் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. பெண்கள் டாக்டர் முன்னால் வாயே திறப்பதில்லை. நான் தனியே அழைத்துப்போய்க் கேட்டால் கொட்டித் தீர்க்கிறார்கள். அதை அத்தாவிடம் வந்து சொல்வது என் வேலை.

குப்பம்மாள் என்று ஒருத்தி வந்தாள், நிறைமாதம். புருஷன் பொன்னுவேல் உருளைக்கிழங்கு லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். மூன்று பிள்ளை பெற்றாளாம். ஒன்றுகூட மாதம் முடியும்வரை இருக்கவில்லை. "இதாச்சும் தங்குமா பாப்பா?" என்றாள். எனக்கென்ன தெரியும்? தங்கும் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

பிரசவத்துக்குக் கோடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார் அத்தா. மாமியார் கந்தம்மாள் ஒரே போடாகப் போட்டாள். "எங்க வீட்டுல அந்தப் பழக்கமில்லீங்க. புள்ள பெறந்து முப்பது கழியாம வாசப்படி தாண்டுறதில்ல."

29 நவம்பர்

பெண் பிறந்திருக்கிறது. எலிக்குஞ்சு அளவுதான்.

1 டிசம்பர்

இதை எழுதினால் பினாங்கில் யாரும் நம்பமாட்டார்கள். நான் ஒரு பிள்ளை வாங்கியிருக்கிறேன்!

கந்தம்மாள் வெள்ளனே வந்து நின்றாள். பிள்ளை தங்காத வீட்டில், பிறந்த பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்களாம். அப்புறம் அது இவர்கள் பிள்ளை இல்லை. எமன் வந்து தேடினாலும் ஏமாந்து போவான். வாங்கினவள்தான் பெயர் வைக்க வேண்டும். பெற்றவள் வளர்த்துக் கொடுப்பாள், அவ்வளவுதான். வாங்க யார் வேண்டும் என்று கேட்டதற்குக் குப்பம்மாள் என்னைச் சொன்னாளாம்.

சின்ன வயதில் அத்தா "ஒன்னையத் தவிட்டுக்குத்தான வாங்குனேன்" என்று சீண்டி அழவைப்பார். நிஜமாகவே வாங்குவார்கள் என்று யார் கண்டது? அத்தாவைப் பார்த்தேன். படித்த டாக்டர், திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அந்தம்மா மனசுக்குத் தெம்புன்னா வாங்கிட்டு வா" என்று தவிட்டுக்குக் காசு கொடுத்தார்.

குப்பம்மாள் மடியில் தவிட்டைக் கொட்டினேன். பிள்ளையை என் கையில் வைத்தாள். கண்மணி என்று பெயர் வைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

4 டிசம்பர்

நாள் முழுக்க ஓட்டம்.

கண்மணி பால் குடிக்கவில்லை. உடம்பு நெருப்பு. தொப்புளைச் சுற்றிச் சிவந்து கிடந்தது. உடனே கோடைக்கானலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார் அத்தா. கந்தம்மாள் வாசலை மறித்து நின்றுகொண்டாள். பொன்னுவேல் ஆத்தாளையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான். மண்ணு மாதிரி நின்றான்.

அப்போது குப்பம்மாள் பாயில் படுத்தபடியே சொன்னாள்: "என்னைய எதுக்குக் கேக்குறீக? அது எம்புள்ளையா? வாங்குனவுக நிக்கிறாக, அவுகளக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தூக்குங்க, போகலாம்" என்றேன். என் குரலா அது? கந்தம்மாள் ஏதோ முணுமுணுத்தாள். ஆனால் விலகினாள். விற்ற பொருளுக்கு அவள் என்ன சொல்ல முடியும்? "ஏலே பொன்னுவேலு, வெரசாப் போயி லாரியக் கொண்டா!" என்று அவளே கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "பிள்ளைக்கு அம்மா யாரு?" குப்பம்மாள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் எமனுக்குக் கேட்டுவிடுமே! நான்தான் என்றேன். நர்ஸ் என் இரட்டைச் சடையைப் பார்த்தாள், தாலி இல்லாத கழுத்தைப் பார்த்தாள். மூஞ்சி போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அத்தா இருமினார். "நான் இதுக்கு நன்னா, தாத்தா. மொதல்ல ஊசியப் போடுங்க, மத்ததப் பொறவு பேசுவோம்" என்றார்.

5 டிசம்பர்

காய்ச்சல் இறங்கவில்லை. அல்லாவே, நான் தங்கும் என்று சொல்லிவிட்டேனே.

7 டிசம்பர்

குடித்தாள்! பஞ்சில் நனைத்து வைத்த பாலைச் சப்பிச் சப்பிக் குடித்தாள்.

குப்பம்மாளிடம் கேட்டேன், ஊரில் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் சொன்னீர்கள் என்று. "போன மூணுக்கும் ஆஸ்பத்திரி போவம்னு அழுதேன். எம் பேச்சு எடுபடல. டாக்டரு மக வாங்குனா டாக்டருகிட்டதான கொண்டுபோவாகன்னு நெனச்சேன்" என்றாள். அடி கள்ளி! கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை, என் சடையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

2 ஏப்ரல் 1959

நாளை புறப்பாடு. கண்மணி என் மூக்கைப் பிடித்து இழுக்கிறாள், கன்னம் புடைத்துப்போய் ஆளே மாறிவிட்டாள்.

நானோ கடல் தாண்டிப் போகிறவள். திரும்பி எப்போதோ? பிள்ளையை முறையாகத் திருப்பிக் கொடுப்பதுதான் சரி என்று பட்டது. "இனிமே இது உங்க..." என்று ஆரம்பித்தேன். குப்பம்மாள் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லிராதீங்க தாயி! ஒங்க புள்ளையா இருக்கவுந்தான் உசுரோட இருக்கா. நான் வளக்குறேன். எனக்கு அது போதும்."

அப்புறம் வேறென்ன சொல்வது? "என் பிள்ளையைப் பத்திரமாப் பாத்துக்கங்க" என்றேன். "சரிங்க" என்றாள். பெற்றவள், என்னிடம் கைகட்டிச் சரிங்க என்கிறாள். எனக்குத் தாங்கவில்லை. லாரியில் அத்தா தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

பினாங்கு, 18 ஜூன் 1961

பெரியத்தா மகன் முகம்மது இஸ்மாயில் பழனியிலிருந்து கப்பலில் வந்து இறங்கினான். சோறு தின்று முடித்த பிறகு ஆற அமரச் சொல்கிறான், கழுதை: "ஒனக்கு ஒரு சேதி இருக்கு சர்பு. பள்ளங்கிலேருந்து ஒரு அம்மா பழனியில நம்ம மளிகைக் கடையத் தேடி வந்துச்சு. கூட ஒரு சின்னப் பொண்ணு, சரியான வாலு. நிமிசத்துல பட்டாணி மூட்டையக் கவுத்து விட்டுருச்சு."

என்ன சொன்னார்கள் என்றேன்.

"கண்மணிக்குக் காது குத்தணுமாம், தாய்மாமன் மடி வேணுமாம். ஒந்தம்பி வர முடியுமா, இல்ல அந்தம்மா தம்பிய உக்கார வைக்கலாமான்னு ஒங்கிட்ட உத்தரவு கேட்டுச் சொல்லச் சொல்லுச்சு."

என் தம்பிக்கு ஏழு வயது. சிரித்தேன். சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து, "அவங்க தம்பியே உக்காரட்டும்னு வீட்டுக்கு எழுது. பிள்ளை அழுதா உடனே அம்மா கையில குடுத்துடணும்னும் எழுது" என்றேன்.

இஸ்மாயில் சரி என்றான். எந்த அம்மா என்று கேட்கவில்லை.