பழைய ஊசிக்குப் புது ஊசி

மார்ச் 4
கால் வலி. போதை ஊசி போடுபவர்களுக்குச் சுத்தமான ஊசி தரும் மையத்தில் காலையிலிருந்து நின்றபடியே வேலை. பழைய ஊசியைக் கொண்டுவந்து டப்பாவில் போட்டால்தான் புது ஊசி தர வேண்டும் என்பது எங்கள் விதி. வழக்கமாக வரும் பெயிண்டர் இன்று வெறுங்கையோடு வந்தான்.

"தெரு முனையில போலீஸ் நிக்குது அண்ணே. பயந்து சாக்கடையில போட்டுட்டேன். இன்னைக்கு மட்டும் குடுங்க."

சுவரிலிருந்த விதியைக் காட்டினேன். திரும்பிப் போய்விட்டான். பத்து வருடம் போதை ஊசி போட்டுக்கொண்டவன் நான். அவன் முகத்தைப் பார்த்தே புரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 5
வரவில்லை.

மார்ச் 11
வந்தான். கையில் இரண்டு பழைய ஊசி, விதிப்படி. அன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"கூட்டாளி போட்டுட்டுக் குடுத்தான். தண்ணியில கழுவிட்டுத்தான் போட்டேன்."

கழுவினானாம். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். இப்படியொரு மையமே இல்லாத காலம். ஏழு பேருக்கு ஒரே ஊசி. முனை மழுங்கினால் தீப்பெட்டியில் தேய்ப்போம். அந்த ஏழில் மிச்சம் நான் ஒருவன்தான், அதுவும் தினமும் எச்.ஐ.வி. மாத்திரை விழுங்கி.

மூன்று நாளுக்குள் வந்திருந்தால் தடுப்பு மாத்திரை கொடுத்திருக்கலாம். இன்றைய பரிசோதனையில் அவனுக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் உறுதி என்றார் நர்ஸ்.

மார்ச் 12
விதியை எடுக்கச் சொல்லி மையத்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்புறம் தெருவெல்லாம் ஊசி கிடக்குமே" என்றார். "தெருவுல கிடந்தா நான் பொறுக்கிக்கிறேன் மேடம். இவன் உடம்புல இருந்து யாரு பொறுக்குறது?" என்று கத்திவிட்டேன். வீட்டில் மனைவி, "இருக்கிற வேலைக்கும் உலை வச்சாச்சா?" என்றாள். சிரிக்கத் தெம்பில்லை.

ஏப்ரல் 20
டாக்டரம்மாவே விதித் தாளைக் கிழித்தார். இனி வெறுங்கையோடு வந்தாலும் ஊசி உண்டு. சுவரில் பசை மட்டும் போகவில்லை.

மே 9
தூக்கமில்லை. ஒரே ஒரு ஊசி. கொடுத்திருந்தால் என்ன குறைந்தா போயிருப்பேன்?

ஜூன் 13
பெயிண்டரை மறுபடியும் பரிசோதித்து உறுதி செய்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது.

என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். "பொண்டாட்டிகிட்ட எப்படி அண்ணே சொல்றது?" என்று மட்டும் கேட்டான். நானும் கூடப் போனேன்.

ஜூன் 17
அவன் மனைவிக்கு இல்லை. வெகுநாள் கழித்துப் பசித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 2
என் மாத்திரை மாலை ஏழு மணிக்கு. ஏழடிக்கும்போது பெயிண்டர் மையத்து வாசலில் நின்றான். வேலை முடிந்து நேரே வந்ததாகவும், மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டதாகவும் சொல்லித் தலையைச் சொறிந்தான். எங்கள் இருவருக்கும் ஒரே வகை மாத்திரைதான். என் மாத்திரை டப்பாவைத் திறந்து ஒன்றை அவன் கையில் வைத்தேன். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை.