பெயின்ட்டுக்கு அடியில்

அக்கா,

இன்று காலை என் அண்ணன் மகனின் பட்டறைக்குப் போயிருந்தேன். விற்பனைக்கு நின்ற புது டிரெய்லரில் அடிப்பூச்சாக அடித்த சிவப்பு பிரைமர் இன்னும் காயவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. யாரும் பார்க்காதபோது இழுப்பு வளையத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த என் பட்டறைக்குள் நீங்கள் தனியாக வந்தீர்கள். கருமத்தம்பட்டிப் பக்கம் செங்கல் ஓட்டுகிறேன், ஒரு டிரெய்லர் வேண்டும் என்றீர்கள். அதுவரை டிரெய்லர் வாங்கப் பெண்கள் யாரும் என்னிடம் வந்ததில்லை. நாற்காலி போட்டு டீ சொன்னேன். நீங்கள் உட்காரவில்லை.

"என்ற டிராக்டர் முப்பத்தஞ்சு குதிரை சக்திங்க. மேட்டுல நாலு டன் இழுத்துப்போடும். எறக்கத்துல அதே நாலு டன்னை நிறுத்துமுங்களா?"

"அதெல்லாம் நிக்குமுங்க."

"யாரு நிறுத்திப் பாத்தாங்க?"

மடித்த தாள் ஒன்றைப் பிரித்து, டிரெய்லரின் வெற்று எடை என்ன, அச்சு புதிதா பழையதா என்று கேட்டுக்கொண்டே போனீர்கள். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் உண்டா என்றீர்கள். வளையம் கழன்றால் வண்டியைப் பிடித்து நிறுத்த இரண்டு பக்கமும் சங்கிலி இருக்கிறதா என்றீர்கள். சங்கிலியை யாருமே கேட்டதில்லை. இவ்வளவு விவரம் செங்கல் ஓட்டுகிறவருக்கு எதற்கு? மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த பட்டறைக்காரன்தான் வேவு பார்க்க உங்களை அனுப்பியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். உங்கள் பையை, செருப்பை, வந்த வழியைக்கூட நோட்டம் விட்டேன். நீங்களும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு வளையத்தின் முன்னால் குனிந்தீர்கள். டிராக்டரோடு டிரெய்லரைக் கோக்கிற அந்த வளையத்தில்தான் மொத்தப் பாரமும் நிற்கும்.

"இது ஒரே இரும்புல அடிச்சதுங்களா, கம்பியை வளைச்சு ஒட்டுனதுங்களா?"

"அடிச்சதுதானுங்க. சப்ளை பண்றவரு எழுதியே குடுத்திருக்காரு."

"எழுத்தை விடுங்க. பெயின்ட்டைச் சுரண்டுங்க."

கோபம் தலைக்கேறியது. வெளியே போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வெல்டர் பழனி அரத்தை எடுத்துச் சுரண்டிவிட்டான். பெயின்ட்டுக்கு அடியில் வெல்டிங் வைத்து ஒட்டின தழும்பு தெரிந்தது. வளையத்தைக் கழற்றிக் கல்லில் வைத்து, சம்மட்டியால் நானே அடித்தேன். உங்களைப் பொய்யாக்கத்தான் அடித்தேன், அக்கா. ஐந்தாவது அடியில் வளையம் வாய் பிளந்தது.

நீங்கள் வெற்றிச் சிரிப்பு எதுவும் சிரிக்கவில்லை. "இதே வளையம் போட்டு வேற எத்தனை வண்டி போயிருக்குதுங்க?" என்றீர்கள்.

ஒன்று போயிருந்தது, அவிநாசிக்கு அருகில் ஒரு தோட்டத்துக்கு.

"இன்னிக்கு அவிநாசித் தேருங்க," என்றீர்கள்.

அதற்கு மேல் நீங்கள் சொல்லவேண்டியிருக்கவில்லை. தேர் பார்க்க ஊர் ஊராக டிரெய்லரில்தான் சனம் போகும். போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. பட்டறை வேனை எடுத்தேன். பழனியின் அரத்தை எடுத்துக்கொண்டு நீங்களும் ஏறிக்கொண்டீர்கள். உதவிக்கா, நான் பாதியில் திரும்பிவிடுவேன் என்ற சந்தேகத்திலா என்று அப்போது புரியவில்லை.

வேனில்தான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். போன வருடம் உங்கள் வண்டியின் வளையமும் முறிந்து, செங்கலோடு டிரெய்லர் ஒரு டீக்கடைச் சுவரில் போய் மோதியிருக்கிறது.

"டிரைவர் குடிச்சிருந்தான்னு நாந்தானுங்க சொல்லிப்போட்டேன். ஊரே நம்பிருச்சு. அவன் ஊட்டைக் காலி பண்ணிக்கிட்டுப் பொண்டாட்டி புள்ளைகளோட எங்கயோ போயிட்டான். அப்புறந்தான் முறிஞ்ச வளையத்தை எடுத்துப் பாத்தேன். உள்ள பழைய வெடிப்பு, துரு ஏறிக் கெடந்துது."

அரத்தை மடியில் கிடத்திக்கொண்டு, "மனுசனைச் சந்தேகப்பட்டது போதுமுங்க. இனி இரும்பைச் சந்தேகப்பட்டுக்கறேன்," என்றீர்கள்.

நாம் போய்ச் சேர்ந்தபோது டிரெய்லர் தோட்டத்து வாசலில் புறப்படத் தயாராக நின்றது. இருபது பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள். கைக்குழந்தைகள், சோறு கட்டிய தூக்குப்போசிகள். எல்லோரையும் இறங்கச் சொன்னபோது ஏசினார்கள். வளையத்தைச் சுரண்டினேன். ஒட்டின இடத்திலிருந்து மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

டிரெய்லரை வாங்கிய தோட்டக்காரர் நேராக டிரைவரிடம் திரும்பினார். "எந்தக் குழியில உட்டு இடிச்சே?"

"இல்லீங்க, எங்கயும் இடிக்கலீங்க," என்றார் டிரைவர். நாற்பது வயதிருக்கும். அவர் மனைவி கூட்டத்தில்தான் நின்றிருந்தார்.

"பின்ன ஒரு மாசத்துல எப்படி வெடிக்கும்? தண்ணியப் போட்டுட்டு ஓட்டுனா வெடிக்காம என்ன பண்ணும்?"

நான் பேசாமல் இருந்தேன். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். பேசாமலே இருந்திருந்தால் விஷயம் டிரைவர் தலையில் முடிந்திருக்கும். என் பட்டறையின் பெயர் கெட்டிருக்காது. நீங்கள் என்னிடமிருந்து வாங்கிய அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வளையத்தைப் பார்த்த அதே பார்வையால் என்னைப் பார்த்தீர்கள்.

"அவரு மேல தப்பில்லீங்க," என்றேன். "வளையமே கோளாறு. பாக்காம போட்டது நானுங்க."

தோட்டக்காரர் என்னைப் பேசியதெல்லாம் இங்கே வேண்டாம். சனம் முணுமுணுத்தபடி பஸ்ஸுக்கு நடந்தது. அந்த டிரைவர் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுமாதம் நல்ல வளையமும் இரண்டு சங்கிலியும் போட்ட டிரெய்லரை எடுத்துப் போனீர்கள், அதையும் சுரண்டிப் பார்த்த பிறகுதான். அதன்பின் உங்கள் ஊரிலிருந்து ஆறேழு பேரை என்னிடம் அனுப்பினீர்கள். ஒவ்வொருவரும் கையில் அரத்தோடு வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான், சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்தபோது, நீங்கள் இறந்துவிட்டதைச் சொன்னார்.

நான் நேர்மையான ஆள் என்று இந்தப் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, அக்கா. அந்தத் தோட்டத்து வாசலில் பிறந்த பெயர்தான் அது. யாராவது அதைச் சொல்லும்போது நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். நீங்கள் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருக்காவிட்டால் நான் வாயைத் திறந்திருப்பேனா? இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை என்னையே சுரண்டிப் பார்த்துவிட்டேன். இன்னும் எனக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை.