கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பவும்

ஜூலை 10, 1959. வெள்ளி

இன்றைய சொல்வதெழுதுதலில் காத்தானுக்கு ஒரு முழு வரி கொடுத்தேன். ஓணானைப் பென்சில் டப்பாவில் அடைத்து வகுப்புக்குக் கொண்டுவந்தவனுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

"அன்புள்ள வீட்டாருக்கு, நாலாம் வகுப்பில் இந்த வாரம் எல்லாரும் சௌக்கியம். ஏழாம் வாய்ப்பாடு பாதிப் பேருக்கு வந்துவிட்டது. மீதிப் பேருக்கு டீச்சரைப் பார்த்தால் மட்டும் வருகிறது. காத்தான் ஓணான் கொண்டுவந்தான். ஓணான் அவனைவிட ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுத்தனுப்பவும்."

தன்மேல் வைத்த புகாரைத் தானே நாக்கை மடித்துக்கொண்டு அழகாக எழுதினான் அந்தப் பயல்.

இந்தப் பழக்கம் என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. நாற்பத்தொரு வீட்டுக்கும் வாரா வாரம் பிள்ளைகளின் சேதி போகவேண்டும். தனித்தனியாக எழுத யாரால் முடியும்? வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நான் சொல்லச்சொல்ல அவர்களே எழுதி, வீட்டில் உரக்க வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வருகிறார்கள். எழுத்துப் பயிற்சியும் ஆச்சு, கோள் மூட்டினதும் ஆச்சு.

எச்.எம். அழகர்சாமி வாசலில் நின்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் முன்வரிசைக்கு மூக்குப்பொடி வந்து சேரும். தும்மலும் சிரிப்புமாக ஒரே ரகளை. நானும் சிரித்தேன். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டால் ஈறு இருக்குமே, அப்படி. வாய் அசைகிறது, நம்முடையது மாதிரி இல்லை.

என் ஒரே மகள் செசிலி கன்னியர் மடத்துக்குப் போய் இன்றோடு ஏழு வாரம்.

ஜூலை 13. திங்கள்

மீன் விற்கும் வள்ளிக்கண்ணு பள்ளிக்கூட வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாள். காத்தானின் அம்மா. ஓணானுக்கு மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று நானும் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு போனேன்.

"நீங்க எழுதிவுட்ட மாதிரியே அவனுக்கு ரெண்டு தோசை கூடப் போடறேங்க டீச்சர். நோஞ்சானா இருக்கான்னு எனக்கும் தெரியுதுங்க."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. பயல் ஓணானை விழுங்கிவிட்டுத் தோசையை வாசித்திருக்கிறான். நோட்டில் அவள் கட்டைவிரல், விளக்குக் கரியில், அவ்வளவு கவனமாக.

நான் காட்டிக்கொடுக்கவில்லை. நோஞ்சான்தான்.

ஜூலை 19. ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வர அரைமணி நேரம் ஆயிற்று. கல்யாண வீட்டுச் சம்பந்தியம்மாள் மாதிரி வழியெல்லாம் நிறுத்தி வாழ்த்துகிறார்கள். "ஆண்டவருக்கே பெண்ணைக் கொடுத்த பாக்கியசாலி." நானும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். செத்தவீடு என்றால் அழுதுவிட்டு வரலாம். பாக்கியத்துக்கு என்ன செய்வது? முகத்தை எங்கே வைப்பது?

மடம் மைசூர்ப் பக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம்தான் போடலாம், அதையும் பெரிய மதர் வாசித்த பிறகுதான் ஒட்டுவார்கள். முதல் வருஷம் போய்ப் பார்க்கவும் கூடாது. அவளாக ஆசைப்பட்டுப் போனாள். யாரும் தள்ளவில்லை. நான்தான் பெட்டி கட்டினேன்.

அழுகை வரவில்லை. வந்தால் வரட்டும் என்று கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்துகூடப் பார்த்தேன். கொசுதான் வந்தது.

ஜூலை 22. புதன்

உப்புப் போடாமல் குழம்பு வைத்துவிட்டேன். இவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதால் வெளிப்பட்டது.

ஆகஸ்ட் 3. திங்கள்

ஆடிப்பெருக்கை ஒட்டி வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வந்த பாதியும் அம்மா மண்டபப் படித்துறையில் யார் யார் வழுக்கி விழுந்தார்கள் என்று பேசிக்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் ரங்கநாயகி டீச்சர் காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போகிற அழகைச் சொல்லிவிட்டு, "பெருமாளுக்கே தான் வளர்த்த பெண்ணைக் கொடுத்த ஆழ்வாரும் உண்டு. நீங்களும் அந்த வரிசைதான், லூர்து" என்றாள். மதம் வேறானாலும் வாழ்த்து மாறவில்லை.

வீட்டுக்கு வந்தால் கடிதம். "நான் நலம். உங்கள் இருவருக்காகவும் தினமும் செபிக்கிறேன். இங்கு எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள். ஆண்டவருக்குத் தோத்திரம். செசிலி." அவ்வளவுதான். இதை எந்தப் பெண்ணும் எழுதியிருக்கலாம்.

ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. பழக்கதோஷம், சிவப்புப் பென்சிலால் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகஸ்ட் 14. வெள்ளி

நாளை சுதந்திர தினம். கொடி, மிட்டாய், தோரணம், இரைச்சல். கடைசி பீரியடில் சொல்வதெழுதுதல் நடந்தது. என்ன சொன்னேன் என்று இப்போது உட்கார்ந்து யோசித்தால் ஞாபகமே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி ஏதோ சொன்னேன். பென்சில்கள் ஓடின. மணி அடித்தது.

ஆகஸ்ட் 17. திங்கள்

என்ன சொன்னேன் என்று தெரிந்துவிட்டது. நாற்பத்தொரு நோட்டிலும் இருக்கிறது. நானே வளர்த்த பிள்ளைகள், டீச்சர் வாயிலிருந்து வந்ததில் ஒரு சொல்லைக்கூட விடமாட்டார்கள். கடைசியில் முற்றுப்புள்ளி வேறு.

"அன்புள்ள வீட்டாருக்கு, இந்த வாரம் நசீரா பெருக்கல் கணக்கில் ஒரு தப்பும் செய்யவில்லை. மத்தியானச் சாப்பாட்டில் யாரும் மிச்சம் வைக்கவில்லை. எம் பொண்ணு சாப்பிட்டாளா இல்லையான்னு எனக்கு யாரு எழுதறா. ஒண்ணுமே உறைக்க மாட்டேங்குது. கட்டை மாதிரி இருக்கேன். சுதந்திர தினத்துக்கு எல்லாரும் வெள்ளைச் சட்டையில் வரவேண்டும்."

இதைப் பாலக்கரை முழுக்க உரக்க வாசித்திருக்கிறார்கள். தையற்காரர் வீட்டில், பீடிக்கடையில், கோவில் தெருவில். நான் நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். காது சூடாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

சிலர் வழக்கம்போலக் கையெழுத்து மட்டும். ஒருவர் வெள்ளைச் சட்டையில் நீலப் பொத்தான் பரவாயில்லையா என்று கேட்டிருந்தார், அதுவும் கொடியேற்றி இரண்டு நாள் கழித்து. தையற்காரர், "கன்னியாஸ்திரிகளுக்குச் சாப்பாட்டில் குறை இராது, கவலை வேண்டாம்" என்று எழுதியிருந்தார். நசீராவின் அத்தா ஷேக் தாவூது உறையூர்ச் சுருட்டை வெளியூருக்குக் கொண்டுபோய் விற்பவர், சொற்சிக்கனம். "டீச்சரம்மாவுக்கு ஸலாம். மடம் எந்த ஊர்?"

காத்தான் நோட்டில் இரண்டு கைநாட்டு. ஏன்டா இரண்டு என்றேன்.

"ஒண்ணு எனக்கு டீச்சர். ஒண்ணு உங்க பாப்பாவுக்காம். அம்மாதான் வச்சுச்சு."

இந்தத் தடவை ஒழுங்காக வாசித்திருக்கிறான்.

எச்.எம். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "உங்க கஷ்டம் புரியுது டீச்சரம்மா. ஆனா டெபுடி இன்ஸ்பெக்டர் நோட்டைத் திருப்பினா நான் என்னத்தைச் சொல்ல?" இனி வெள்ளிக்கிழமை பாடப்புத்தகத்திலிருந்துதான் சொல்லவேண்டுமாம். சரி என்றேன். எதற்கும் சரி சொல்ல இப்போது வசதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 18. செவ்வாய்

பொன்மலை ரயில்வே வொர்க்ஷாப் வரை சேதி போய்விட்டது. இவர் அங்கே ஸ்டோர்ஸ் கிளார்க். உடன் வேலை பார்ப்பவரின் பிள்ளை என் வகுப்பில். சாயங்காலம் சைக்கிளை உள்ளே ஏற்றிவிட்டு என் முகத்தைப் பாராமலே சொன்னார்: "ஆண்டவருக்குக் கொடுத்ததை ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்கறியே லூர்து."

அற்புதசாமி என்று பெயர் வைத்த மனுஷனுக்கு வருஷத்துக்கு நாலு வாக்கியம். அதில் ஒன்று இதற்குப் போயிற்று.

பிறகு பார்த்தேன். செசிலியை ஸ்கூலில் கொண்டுவிட கேரியரில் ஒரு மெத்தை கட்டியிருந்தார். அது இன்னும் இருக்கிறது. அதிலுள்ள தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடிக்கவே இல்லை.

நசீராவிடம் ஊர்ப் பெயரையும் மடத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவள் அத்தா எதற்குக் கேட்டார் என்று யோசிக்கக்கூடச் சோம்பல்.

ஆகஸ்ட் 21. வெள்ளி

சொல்வதெழுதுதல்: தென்னை மரத்தின் பயன்கள். பிள்ளைகள் என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 28. வெள்ளி

பசுவின் பயன்கள். "பசு சாதுவான பிராணி." செசிலி கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பாள். தெருமுனையில் மாடு நின்றால் நாலு தெரு சுற்றி வீட்டுக்கு வருவாள், பத்தொன்பது வயசிலும். துரத்தியதா என்றால் இல்லை, பார்த்ததாம். "அது பாக்கற பார்வையே சரியில்லம்மா."

இதை நினைத்தபோது ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. பசிதான் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 31. திங்கள்

வள்ளிக்கண்ணு இன்று நேரே எச்.எம். அறைக்குள் போய்விட்டாள், கூடையோடு. நான் வருகைப் பதிவேடு கொடுக்கப் போனவள் நகராமல் நின்றுவிட்டேன். இந்தக் காட்சியை விட்டால் நான் நானே இல்லை.

"ரெண்டு வாரமா மரமும் மாடுமா வருதுங்க சார். எம் புள்ள என்ன பண்றான், சரியா இருக்கானா, ஒண்ணும் தெரியல. அவன் வாயத் தொறந்து சொல்ற ஆளா? அடிச்சான், ஒதச்சான்னாவது எழுதிவுடச் சொல்லுங்க. அதுவும் இல்லாம ராவுல சோறு எறங்கலீங்க."

எச்.எம். புத்தகம், பாடத்திட்டம், இன்ஸ்பெக்டர் என்று வரிசையாகச் சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கூடையை அவர் மேஜையோரமாக இறக்கிவைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை. மத்தி மீன், காலையிலிருந்து வெயிலில் சுற்றியது. எச்.எம். மூக்குப்பொடி டப்பாவைத் தேடினார். "சரி, சரி. பழையபடியே எழுதட்டும். டீச்சரம்மா, சொந்த சமாச்சாரம் மட்டும் வேணாம்."

போகும்போது அவள் என் பக்கம் வந்தாள். கையைத் தொட்டாள். செதில் ஒட்டிக்கொண்டது.

செப்டம்பர் 4. வெள்ளி

"அன்புள்ள வீட்டாருக்கு, காத்தான் இந்த வாரம் இரண்டு பேரை அடித்தான், ஒருவனிடம் அடி வாங்கினான். உடம்பு நன்றாக இருக்கிறது." வகுப்பு கைதட்டியது. மாலையில் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். தென்னை மரத்தை அப்படி யாரும் கொண்டுபோகவில்லை.

செப்டம்பர் 8. செவ்வாய்

வேளாங்கண்ணித் திருவிழா. எல்லாரும் போனார்கள். நாங்கள் போகவில்லை.

செப்டம்பர் 11. வெள்ளி

மணி அடித்து வகுப்பு காலியான பிறகும் நசீரா நின்றுகொண்டிருந்தாள். அத்தா மைசூர்ப் பக்கம் போய்விட்டு முந்தாநாள்தான் வந்தாராம். கையில் சொல்வதெழுதுதல் நோட்டு. கொடு என்று கையை நீட்டினேன். தரவில்லை.

"நான்தான் வாசிக்கணும் டீச்சர். நீங்க உக்காந்து கேக்கணும். வீட்டுல அப்படித்தான்."

உட்கார்ந்தேன், பிள்ளைகள் பெஞ்சில், முழங்கால் இடிக்க. அவள் வரிக்குக் கீழே விரலை வைத்து வாசித்தாள். அத்தா சொல்லச்சொல்ல இவள் எழுதியிருக்கிறாள்.

"அன்புள்ள வீட்டாருக்கு, செசிலி சௌக்கியம். என்னை மடத்துக்குள் விடவில்லை. தோட்டக்காரர் சுருட்டுப் பிடிப்பவர். ஒரு கட்டு கொடுத்தேன், எல்லாம் சொன்னார். திருச்சிப் பிள்ளைக்கு மாட்டுக்கொட்டகையில் வேலை. முதல் வாரம் கதவுக்கு வெளியிலிருந்தே புல்லை எறிந்ததாம். இப்போது பால் கறக்கிறது. காலைக் கஞ்சி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடிக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் சிரித்ததற்கு முட்டி போட வைத்தார்கள். போன மாதம் ஒருநாள் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து அம்மா என்று அழுததாம். மாடு கையை நக்கியதும் சிரித்துவிட்டதாம். தோட்டக்காரர் பொய் சொல்கிற ஆள் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொடுத்தனுப்பவும்."

நசீரா நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், உங்க மூக்குலேருந்து ஒழுகுது."

ஆமாம். மூக்கு, கண், எல்லாம். அந்தக் கழுதைக்கு மாடு, மாட்டைப் போய்... பால் கறக்கறாளாமே. அழுதாளாமே! நான் இங்கே முக்காலி போட்டு உக்காந்து பாத்தேன், எனக்கு வரல. அவ அங்க அழுதிருக்கா.

பிள்ளை பாவம் பயந்துபோய்த் தன் பாவாடையை நீட்டியது, துடைத்துக்கொள்ள.

செப்டம்பர் 13. ஞாயிறு

இரண்டு நாள் அந்த நோட்டை இவர் கண்ணில் படும்படி வைத்தேன். தொடவில்லை. இன்று பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, "வாசி" என்றார். நாலு பத்திரிகை படிக்கிற மனுஷன், எழுதப் படிக்கத் தெரியாத வீட்டாரைப்போல மடியில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாடா?" என்றார்.

"மாடுதான்."

"நம்ம செசிலியா?"

பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு: "இன்னொரு தடவை வாசி."

குழம்பில் உப்பு அதிகம் என்றும் சொன்னார். இந்த வருஷத்து நாலு வாக்கியம் எப்போதோ தாண்டியாகிவிட்டது.

செப்டம்பர் 14. திங்கள்

காலையில் இவர் முதலில் கையெழுத்துப் போட்டார், ஸ்டோர்ஸில் போடுகிற மாதிரி கீழே கோடிழுத்து. நான் பேனாவை எடுத்தேன். இருபத்திரண்டு வருஷமாகத் தினம் போடுகிற கையெழுத்து, "லூ"வைத் தாண்டவில்லை. காகிதம் நனைந்து மை பரவிவிட்டது. கடைசியில் அந்த மையிலேயே கட்டைவிரலைத் தொட்டு வைத்தேன்.

நசீரா நோட்டை வாங்கி உடனே திறந்து பார்த்தாள். நான் எத்தனை தடவை அப்படிப் பார்த்திருப்பேன். காத்தானும் எட்டிப் பார்த்தான்.

"டீச்சர், உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா?" என்றாள் நசீரா.

"இன்னைக்குத் தெரியலடி" என்றேன்.